சாயம் போன தண்ணீர்

அன்புள்ள ஐயா,

நான் வேதியியல் மாணவன். திருமணிமுத்தாற்றைச் சுத்தப்படுத்த நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். பாக்டீரியாத் தூள் விற்கும் ஒருவர், சாயக்கழிவு நிரம்பிய மூடிய ஜாடியில் அதைப் போட்டு, இரண்டே நாளில் நிறம் போனதைக் காட்டினார். ஆற்றுக்கு எவ்வளவு தூள் தேவைப்படும்? மரபணு மாற்றிய பாக்டீரியா இன்னும் வேகமாக வேலை செய்யுமா?

ஒரு மாணவன், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஆற்றின் அடிச்சேறு ஏன் கறுத்துக் கிடக்கிறது என்பதைப் பற்றியே நானும் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றுக்காகக் கைக்காசு போடும் பிள்ளைகள் இருக்கிறீர்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் வேதியியல் படிக்கும் நீங்கள், தண்ணீர் தெளிந்ததைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

துணிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயங்கள். இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். மூடிய ஜாடியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும், பாக்டீரியாக்கள் உணவிலிருந்து பெற்ற எலக்ட்ரான்களை அந்தப் பிணைப்பின்மேல் இறக்குகின்றன. பிணைப்பு அறுந்து நிறம் போகிறது. ஆனால் சாயத்தின் உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள் என்னும் நிறமற்ற வேதிப்பொருள்களாக அங்கேயே கிடக்கின்றன. அவற்றுள் பென்சிடின் போன்ற சில, புற்றுநோயை உண்டாக்குபவை. காற்றில்லாத இடத்தில் அவை பெரும்பாலும் மேற்கொண்டு சிதைவதில்லை. காற்றோட்டமுள்ள இரண்டாவது தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள்தாம் அவற்றை உண்ண வேண்டும். அவையும் எல்லாவற்றையும் உண்பதில்லை. அந்த இரண்டாவது தொட்டி எங்கே என்று விற்பவரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா? சிவப்பாக ஓடும் தண்ணீரில் வாய் வைக்க மாடுகூடத் தயங்கும், தெளிந்திருந்தால் குடித்துவிடும்.

ஆற்றில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. என் அத்தை வீடு அதன் கரையில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசைத் திருநீறு போட்டு எத்தனை தேய்த்தாலும், தண்ணீர் வற்றும் மாதங்களில் அது மறுபடி கறுத்துவிடும். வெள்ளி மட்டம் என்று அத்தை கடைக்காரரைத் திட்டுவார். வெள்ளியில் குறையில்லை. சாயம் துணியில் ஏறுவதற்காகச் சாயப்பட்டறைகளில் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்ப்பார்கள். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். அந்தச் சல்பேட், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக்கழிவோடும் சாக்கடையோடும் ஆற்றில் கலக்கிறது. மாவையும் சாக்கடையையும் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட, அடுத்த கூட்டம் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றமும், வெள்ளியின் கறுப்பும், இரும்போடு கூடிய சேற்றின் கறுப்பும் அதனால் வருபவையே. இரவுபகலாக அவை உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மூச்சுவிட ஆக்ஸிஜன் கொடுக்காமல் நாம் அவற்றிடம் வாங்கும் வேலை இது. இதில் நீங்கள் இன்னும் ஒரு மூட்டைத் தூளைக் கொட்டினால் என்ன மாறும்? சாதா உப்பை எந்தப் பாக்டீரியாவாலும் தின்ன முடியாது; அது கிணறுகளுக்குத்தான் போகும். சேகோ ஆலைகள் சிலவற்றில் அதே மாவுக்கழிவை மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு, மீத்தேன் எடுத்து எரிக்கிறார்கள். கழிவை ஆற்றுக்கு வரும் முன்பே தடுத்து வைத்ததால்தான் அது முடிகிறது.

மரபணு மாற்றத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். மரபணு மாற்றி உருவாக்கிய, எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி காப்புரிமை பெறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஆனால் 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரைகளில் ஒதுங்கியபோது, பெரிய அளவில் அங்கே இட்டது நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்ட உரத்தைத்தான். உண்ணும் வேலையைக் கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்கள் செய்தன.

திரட்டிய பணத்தில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள். சேர்வராயன் மலையடிவாரத்திலும், நகரின் நடுவிலும், நகரைத் தாண்டியும் அளந்து, இடமும் தேதியும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுவோடு கொடுங்கள். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். விடியும் முன்பே அளவெடுங்கள். வெயில் ஏறிவிட்டால், பாசி வெளிவிடும் ஆக்ஸிஜன் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும்.