‘புகைப்பதில்லை’ என்று எழுதினால் பிரீமியம் குறையுமாம், எழுதலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. புறக்கோட்டையில் மொத்த வியாபார நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். சேமலாப நிதிக்குக் கணக்கிடும் சம்பளம் 120,000 ரூபா. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் அடுத்த வருடம் சாதாரண தரம். மனைவியின் சங்கிலி 300,000 ரூபாவுக்கு அடகில் இருக்கிறது. சிகரெட்டுக்கு நாளுக்கு 1,000 ரூபா போகிறது. ஆயுள் காப்புறுதி எடுக்கப் போனால், புகைப்பதில்லை என்று போடுங்கள், பிரீமியம் குறையும் என்கிறார் ஏஜென்ட். போடலாமா? சேமிக்கவும் வழி சொல்லுங்கள்.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: போடாதீர்கள். காப்புறுதி ஒப்பந்தமே நீங்கள் சொல்வதை நம்பித்தான் நிற்கிறது. நாளைக்கு நெஞ்சுவலி என்று உங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், “சிகரெட் குடிப்பீங்களா, ஒரு நாளைக்கு எத்தனை?” என்று டொக்டர் கேட்பார். உயிர்ப் பயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னது அப்படியே வாட் குறிப்பில் ஏறிவிடும். இழப்பீடு கேட்டுப் போகும்போது நிறுவனம் தேடுவது அந்தக் குறிப்பைத்தான். விண்ணப்பத்தில் ‘இல்லை’, ஆஸ்பத்திரித் தாளில் ‘எட்டு’ என்று இருந்தால் கோரிக்கையை நிராகரிக்க அது போதும். அந்த நேரம் உங்கள் மனைவி பக்கம் ஏஜென்ட் தலைகாட்டவும் மாட்டார். சில நிறுவனங்கள் சிறுநீரில் கொட்டினின் பரிசோதனையும் கேட்கும்; நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் அது. கடைசிச் சிகரெட் குடித்துச் சில நாட்கள் ஆனாலும் அது காட்டிக்கொடுக்கும். வெற்றிலையோடு புகையிலை போட்டாலும் அப்படித்தான்.

இனி நீங்கள் கேட்காத கணக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், 9,600 ரூபா. முதலாளியின் 12 வீதம், 14,400. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 3,600. எல்லாம் சேர்த்து மாதம் 27,600 ரூபா. சிகரெட்டுக்கு 30,000. நீங்களும் முதலாளியும் சேர்ந்து உங்கள் முதுமைக்குப் போடுவதை விடப் பெட்டிக்கடைக்குக் கூடுதலாகப் போகிறது. கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. அதே 30,000ஐ மாதாமாதம் 8 வீத வட்டியில் போட்டு வந்தால், 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போகும் நேரம் ஏறத்தாழ 1 கோடி 29 இலட்சம் ரூபா கையில் இருக்கும். வட்டி கூடிக் குறையலாம், தொகையும் மாறும். சிகரெட் விலை மட்டும் வரியோடு சேர்ந்து ஏறிக்கொண்டேதான் போகும்.

“வருத்தம் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே” என்று இந்த இடத்தில் பலர் சொல்வார்கள். சிகிச்சை இலவசம், உண்மை. மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதபோது சம்பளம் யார் தருவது? வெள்ளவத்தையிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்பப் போய்வரும் ஆட்டோச் செலவு, வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், கூட வருகிறவரின் லீவு என்று எதற்கும் ரசீது சேர்ப்பதில்லை, அதனால் கணக்கில் வருவதுமில்லை. நுரையீரல் புற்றுநோய் மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் மூச்சுக்குழாய் அடைப்பு நோயும் புகையோடு வருபவை. பலருக்கு உழைக்கிற வயது முடியும் முன்பே வந்துவிடுகின்றன. வீட்டுக்குள் குடித்தால் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் அதில் பங்குண்டு.

குறைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பணத்துக்குக் குறைப்பது நல்லது, இதயத்துக்கு அவ்வளவு உதவாது. நாளுக்கு ஒன்று குடிப்பவருக்கும், இருபது குடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. முழுதாக விட்டால் அந்தக் கூடுதல் ஆபத்து சில வருடங்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

ஆகவே உண்மையை எழுதி, கூடிய பிரீமியத்திலேயே எளிய காலவரை ஆயுள் காப்புறுதி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) ஒன்றை இப்போதே எடுங்கள். சேமிப்பும் காப்புறுதியும் கலந்த திட்டம் வேண்டாம். விடுவதற்குக் குடும்ப டொக்டரிடம் போய் நிகோட்டின் மாற்றுச் சிகிச்சை (சிகரெட்டுக்குப் பதிலாகச் சூயிங்கம், ஒட்டுத்துண்டு போன்றவற்றில் நிகோட்டினை அளவாகக் கொடுப்பது) பற்றிக் கேளுங்கள். மனவுறுதியால் மட்டும் முயன்று தோற்றவர்கள்தான் அதிகம். மிஞ்சும் 30,000 முதலில் அடகுக்கு: பத்து மாதத்தில் முதல் தீரும், வட்டிக்கு இன்னும் கொஞ்சம். பிறகு அதே தொகையைச் சம்பளம் விழும் நாளிலேயே தானாகச் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு மாதம் புகையிலை தொடாமல் இருந்துவிட்டால், பரிசோதனைக்குத் தயார், பிரீமியத்தை மறுபடி பாருங்கள் என்று காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதலாம். ஏஜென்டிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், கடிதத்தில் கேளுங்கள்.