ஒரு லைட், ஒரு ஜன்னல்: ஹோட்டல் ரூம் ஷூட் பற்றிய கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஹோட்டல் ரூமில் எடுக்கும் மாடல் ஷூட் பற்றியவை. ஸ்டூடியோ வாடகையை விட ஒரு நாள் ரூம் வாடகை கட்டுப்படியாகிறது, கட்டில், சோபா, ஜன்னல் எல்லாம் தயாராக இருக்கிறது என்பதால் நிறைய பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

12-க்கு 14 அடி ரூம். இரண்டு எல்இடி லைட், இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கொண்டுபோனேன். படங்கள் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி சப்பென்று வருகின்றன. மூன்றாவது லைட் வாங்கலாமா சார்? (சேலம்)

வாங்க வேண்டாம். இருப்பதில் ஒன்றை அணையுங்கள்.

ஹோட்டல் ரூமில் வெளிச்சம் போதவில்லை என்ற நிலை அபூர்வம். வேண்டாத இடத்துக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுவதுதான் அங்கே தலைவலி. சீலிங் வெள்ளை, சுவர் வெளிர் நிறம், கட்டில் விரிப்பு வெள்ளை. இடது பக்கம் ஒரு லைட்டைப் போட்டால் வலது பக்கச் சுவர் அதை வாங்கி முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஃபில் லைட், அதாவது நிழலை நிரப்பும் வெளிச்சம், ரூமோடு சேர்ந்தே வருகிறது. அதன் மேல் இன்னொரு சாஃப்ட்பாக்ஸையும் போட்டால் நிழலுக்கு இடமே இல்லை.

ரூம் விளக்குகளை எல்லாம் அணைத்து, ஸ்கிரீனை மூடி, ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸில் தொடங்குங்கள். முகத்திலிருந்து 3 அடி, பக்கவாட்டில் 45 டிகிரி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. மாடலைச் சுவரிலிருந்து 6 அடி முன்னால் நிறுத்துங்கள். இப்போது லைட்டிலிருந்து முகம் 3 அடி, சுவர் ஏறக்குறைய 9 அடி. தூரம் மூன்று மடங்கு என்றால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய மூன்று ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அந்த வெளிர் சுவர் படத்தில் அடர்ந்த சாம்பலாக இறங்கிவிடும். அதே லைட்டை 6 அடிக்குத் தள்ளினால் சுவர் 12 அடியில் இருக்கும். வித்தியாசம் இரண்டு ஸ்டாப்தான், சுவர் மறுபடி வெளுக்கத் தொடங்கும். சின்ன ரூமில் பின்னணியின் நிறத்தைத் தீர்மானிப்பது பெயின்ட் இல்லை, லைட்டை எவ்வளவு கிட்டத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான்.

அப்புறம் கறுப்புத் துணி. இரண்டு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாடலின் நிழல் பக்கம், இரண்டடி தூரத்தில், ஒரு ஸ்டாண்டிலோ திறந்த அலமாரிக் கதவிலோ தொங்கவிடுங்கள். துணி இல்லாமல் ஒரு படம், துணியோடு ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாடைக் கோடு தனியாகத் தெரியும், மூக்கின் ஓரம் செதுக்கியது போல் வரும். மூன்றாவது லைட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் சாஃப்ட்பாக்ஸின் முன்னால் மாட்டும் ஒரு கிரிட் (கட்டம் கட்டமான வலை) வாங்கினால் வெளிச்சம் சுவர்களுக்குச் சிதறுவது இன்னும் குறையும்.

என்னிடம் கேமரா மேல் செருகும் சின்ன ஃப்ளாஷ், ஒரே ஒரு ஸ்பீட்லைட்தான் இருக்கிறது. சாஃப்ட்பாக்ஸ் கிடையாது. சமாளிக்க முடியுமா? (நாகர்கோவில்)

தாராளமாக முடியும். ஃப்ளாஷை சீலிங்குக்கு மட்டும் திருப்பாதீர்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழி இருண்டுவிடும். பக்கவாட்டுச் சுவருக்கோ, சுவரில் கட்டிய வெள்ளைத் துணிக்கோ திருப்புங்கள். ஹோட்டல் சுவர்கள் பெரும்பாலும் கிரீம், பிஸ்கட் நிறம். அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். அதனால் துணிதான் நல்லது. ஹோட்டலில் இன்னொரு படுக்கை விரிப்பு கேட்டால் தருவார்கள், அதுவே போதும். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, ஷட்டர் 1/160, ஃப்ளாஷ் மேனுவலில் கால் பவர். இதில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இது வசதி இல்லாதவர்களின் மாற்று வழி என்று நினைக்க வேண்டாம். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, ஸ்டூடியோ விளக்குகளை அதில் அடித்துத் திருப்பிவிட்டார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் அப்படித்தான் அந்தப் படத்தில் வந்தது. நம் யூனிட்களில் தெர்மாகோல் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர்கள் செய்வதும் இதே வேலைதான்.

ரூம் புக் செய்யும்போது எந்தப் பக்க ஜன்னல் கேட்க வேண்டும்? வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே? (சென்னை)

அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சொன்னது. அங்கே பெரும்பாலான இடங்களில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே நிற்கிறது. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். டிசம்பர், ஜனவரியில் வடக்கு ஜன்னல் சுத்தமாக இருக்கும், தெற்கு ஜன்னலில் மதியமும் வெயில் விழும்.

திசையை மட்டும் பார்க்காமல் செக்-இன் நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். பல ஹோட்டல்களில் ரூம் கைக்கு வருவதே மதியம் 12-க்கோ 2-க்கோதான். மேக்கப் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக நீங்கள் எடுக்கப்போவது 3 மணியிலிருந்து 6 மணி வரை. அந்த நேரத்துக்குக் கிழக்கு ஜன்னல் அருமையானது. சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும், வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வரும். சூடான, கோடு கோடான வெயில் வேண்டும் என்றால் மேற்கு ஜன்னல் கேளுங்கள். வெயில் உள்ளே இருக்கும் மெல்லிய வெள்ளை ஸ்கிரீனில் நேராக அடிக்கும்போது அந்த ஸ்கிரீன் முழுவதுமே ஆறடி சாஃப்ட்பாக்ஸ் ஆகிவிடும். ஆனால் நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் அஸ்தமித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எதிரில் வேறு கட்டடம் ஒட்டி நிற்கிறதா என்று ரிசப்ஷனில் கேட்க மறக்காதீர்கள். இரண்டடி தள்ளி ஒரு மஞ்சள் சுவர் இருந்தால் திசை எதுவானாலும் பயனில்லை.

மாடலை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்துவதை விட, மூன்று நான்கு அடி தள்ளி, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி நிறுத்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் பச்சை அல்லது நீல டின்ட் இருந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) நம்பாமல் ஒரு கிரே கார்டு (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டில் பக்கத்து மஞ்சள் விளக்கும் படத்தில் தெரிய வேண்டும், ஃப்ளாஷும் வேண்டும். முகம் நீலமாகவும் சுவர் ஆரஞ்சாகவும் வருகிறது. (மதுரை)

வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் விளக்கு 2700-லிருந்து 3000, ஃப்ளாஷ் 5500 பக்கம். ஃப்ளாஷ் முகப்பில் முழு ஆரஞ்சு ஜெல் (நிறமுள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டினால் அது 3200 பக்கம் வந்துவிடும். ஒயிட் பேலன்ஸை 3200-இல் வையுங்கள், இரண்டும் சேர்ந்துவிடும். கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தால்தான் இரவு என்ற உணர்வு வரும் என்பது என் விருப்பம். அதற்கு 3800 வைத்துப் பாருங்கள்.

விளக்கின் பிரகாசத்தை ஷட்டரால் கூட்டுங்கள், குறையுங்கள். ஷட்டர் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய உச்ச ஷட்டர் வேகம்) தாண்டாதவரை ஃப்ளாஷ் அதைக் கண்டுகொள்ளாது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைப்பது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி பல்புகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். வேறு வேகங்களில், முக்கியமாகச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

வெள்ளை விரிப்பில் மாடல் படுத்திருக்கும்போது முகம் கறுத்துப்போகிறது. எடிட்டிங்கில் தூக்கினால் தோல் நிறமே கெட்டுவிடுகிறது. (திருநெல்வேலி)

கேமரா பார்ப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தால் அதைச் சாம்பலாக்குவதற்காக மொத்த எக்ஸ்போஷரையும் குறைக்கிறது, முகமும் சேர்ந்து இருள்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-லிருந்து +1.7 வரை ஏற்றுங்கள், அல்லது கன்னத்தருகே கிரே கார்டைப் பிடித்து, ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) அளந்து மேனுவலில் பூட்டுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகம் தெளிவாகத் தெரிவதற்காக எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள், மாநிறத்தையும் கறுப்பையும் வெளுப்பாக்குவதற்காகக் கூட்டாதீர்கள். கறுத்த தோலில் அழகு ஹைலைட்டில் இருக்கிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மாடலின் தோளுக்கு நேராக வைத்தால் கன்னம், கழுத்தெலும்பு, தோள் வழியாக நீளமான மெல்லிய பளபளப்பு ஓடும். சின்ன லைட் என்றால் அதே இடத்தில் எண்ணெய் வழிவது போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். முகத்துக்கு பவுடரும் தோளுக்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெயும் போதும். அந்த நிறத்தோடுதான் அவர் உங்கள் முன் வந்து நிற்கிறார், படத்திலும் அது இருக்கட்டும்.

ரூமில் பெரிய கண்ணாடி. நானும் ஸ்டாண்டும் விழுகிறோம். போலரைசர் போட்டால் போகுமா? எந்த லென்ஸ் நல்லது? (ஈரோடு)

போகாது. ஜன்னல் கண்ணாடியின் பிரதிபலிப்பைப் போலரைசர் குறைக்கும், முகம் பார்க்கும் கண்ணாடியின் உலோகப் பூச்சில் அதற்கு வேலை இல்லை. இடம் மாறி நில்லுங்கள், அல்லது கண்ணாடியையே கதையில் சேர்த்துவிடுங்கள். லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ.-உம் 50 மி.மீ.-உம். 85 வைத்தால் உங்கள் முதுகு சுவரில் இடிக்கும். 24-இல் ஓரத்தில் வரும் கை கால்கள் இழுபடும். முகத்துக்கு ஐந்தடிக்குள் போகாதீர்கள், மூக்கு பெரிதாகும்.

நான் புதிதாக மாடலிங் செய்கிறேன். ஒருவர் ஹோட்டல் ரூமில் போர்ட்ஃபோலியோ எடுக்கலாம் என்கிறார். போகலாமா அண்ணா? (கோவை)

கேட்டது நல்லதும்மா. ஹோட்டல் ரூமில் நல்ல வேலைகள் நடக்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் சில விஷயங்களில் நீ இறங்கி வரக் கூடாது.

தோழியையோ வீட்டில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போ. "கூட யாரும் வேண்டாம், கவனம் சிதறும்" என்று சொன்னால் அங்கேயே முடித்துக்கொள். காரணம் கேட்கவோ விளக்கம் சொல்லவோ தேவையில்லை. என்னென்ன உடை, யார் யார் ரூமில் இருப்பார்கள், படங்கள் எங்கே வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கு, வாட்ஸ்அப்பில் இருந்தாலும் சரி. முதல் சந்திப்பு ரூமில் வேண்டாம், லாபியிலோ காபி கடையிலோ இருக்கட்டும். உடை மாற்ற பாத்ரூம், உள்ளே தாழ்ப்பாள். போஸ் சொல்லிக்கொடுக்க ஒருவர் உன்னைத் தொட வேண்டியதே இல்லை. தெரிந்த போட்டோகிராஃபர் தானே செய்து காட்டுவார். பேசாத உடை ஷூட் நடுவில் வந்தால் மாட்டேன் என்று சொல்லலாம், அதற்காகச் சம்பளம் குறையக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். அந்தரங்கமான நிலையில் ஒரு பெண்ணை அவர் சம்மதத்தோடு படமெடுத்திருந்தாலும், பிறருக்குக் கொடுக்க அவர் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்று சேர்க்கப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவு. இன்னொன்று, போர்ட்ஃபோலியோவுக்கு நீ பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் போடாதவரை, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அந்தப் படங்களின் முதல் உரிமை உன்னுடையது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார். வயது 18 ஆகவில்லை என்றால் பெற்றோர் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இதைப் படிக்கும் போட்டோகிராஃபர்களுக்கு: மேக்கப் செய்பவரையோ பெண் உதவியாளரையோ ஷூட் முடியும்வரை ரூமிலேயே இருக்கச் சொல்லுங்கள். மாடல் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

ஹோட்டலில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா? சொன்னால் காசு கேட்கிறார்கள். (புதுச்சேரி)

சொல்லுங்கள். நான்கு பேர், மூன்று ஸ்டாண்ட், இரண்டு டிராலியோடு போய் "சும்மா தங்க வந்தோம்" என்றால் யாரும் நம்பப்போவதில்லை. பாதி ஷூட்டில் கதவைத் தட்டுவார்கள், நடுவில் மாட்டிக்கொள்வது மாடல்தான். சின்ன ஹோட்டல்களில் மேலாளரிடம் நேராகப் பேசினால், ஹோட்டலுக்கு இரண்டு மூன்று நல்ல ரூம் படங்கள் எடுத்துத் தருகிறேன் என்று பேரம் பேசலாம். வருகிற எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவரட்டும்.

கரண்ட் விஷயம்: சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்டில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரைதான். 300 வாட் எல்இடி இரண்டு தாங்கும். அதே போர்டில் 2000 வாட் ஹேர் டிரையரையும் போட்டால் டிரிப் ஆகும். அதற்கு 16 ஆம்ப் பாயின்டைத் தேடுங்கள். கதவு பக்கத்தில் செருகும் கீ கார்டை யாராவது உருவிக்கொண்டு வெளியே போனால் ரூம் மொத்தமும் அணையும். இரண்டாவது கார்டு கேட்டு வாங்குங்கள்.

சாம்பிராணிப் புகை அல்லது ஃபாக் மெஷின் போடலாமா? (திருச்சி)

கூடாது. ஸ்மோக் டிடெக்டர் அலறும், மாடி முழுவதும் ஆட்கள் இறங்கி ஓடுவார்கள். டிடெக்டரை பிளாஸ்டிக் போட்டு மூடுவது அதைவிட மோசம். அங்கே தூங்குகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது. சேலை ஹேங்கரை சீலிங்கில் உள்ள ஸ்பிரிங்க்ளரில் மாட்டும் பழக்கத்தையும் விடுங்கள். அதிலுள்ள சின்னக் கண்ணாடிக் குழல் (சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸில் வெடிப்பது) உடைந்தால் ரூம் முழுக்கத் தண்ணீர். சூடான ஹாலோஜன் லைட்டையும் அதன் கீழே உயர்த்தாதீர்கள்.

ஏசி ரூமில் எடுத்துவிட்டு பால்கனிக்குப் போனால் லென்ஸ் பனி மூடிவிடுகிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது. (சென்னை)

குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரை ஈரக்காற்று படிவதால் வருவது. கண்ணாடி சூடேறும் வரை துடைத்துப் பயனில்லை. பால்கனி ஷாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, பால்கனியில் நிழலில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மாடல் உடை மாற்றட்டும். பனி மூடியிருக்கும்போது மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரம் சென்சார் வரை போய்விடும்.