கேஸோட பவுடர் போற பைப்ல எலக்ட்ரிக்கல் டோமோகிராஃபி காட்டுற அளவ நம்பலாமா?

நம்பலாம், ஆனா காலிபரேஷன் (தெரிஞ்ச அளவ வெச்சு கருவிய செட் பண்றது) எப்படி பண்ணீங்கன்னு தெரியாம நம்பாதீங்க. நீங்க அனேகமா ப்ராஜெக்ட்டுக்கு இசிடி (எலக்ட்ரிக்கல் கெபாசிட்டன்ஸ் டோமோகிராஃபி, பைப்ப சுத்தி எலக்ட்ரோடு ஒட்டி உள்ள எங்க எவ்ளோ பவுடர் இருக்குன்னு படமா காட்டுறது) செட்டப் வெச்சு, ஸ்க்ரீன்ல செவப்பும் நீலமுமா படமும் வந்து, ஆனா ஹாப்பர்ல (பவுடர் கொட்டி வைக்கிற தொட்டி) எடை பாக்குற லோட் செல் சொல்ற கணக்கோட ஒத்துப்போகலன்னு முழிச்சுட்டு இருப்பீங்க. நானும் அதே இடத்துல மாசக்கணக்கா நின்னேன், அதான் எழுதுறேன்.

பைப்ப சுத்தி 12 எலக்ட்ரோடு ஒட்டினா ஜோடி ஜோடியா 66 கெபாசிட்டன்ஸ் (ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல சார்ஜ் தேங்குற அளவு) கிடைக்கும், 8 ஒட்டினா 28தான். அந்த 66 நம்பர வெச்சுதான் 32க்கு 32 கட்டத்துல பைப்புக்குள்ள வர்ற 800 சொச்சம் பிக்சலயும் நிரப்புறோம், அதனால அது போட்டோ இல்ல, கணக்கு போட்டு ஊகிச்ச படம். எக்ஸ்ரே மாதிரி நேரா போற கதிரும் கிடையாது, உள்ள இருக்குற பொருளுக்கேத்த மாதிரி எலக்ட்ரிக் ஃபீல்டே வளையும், சுவரோரம் நல்லா தெரியும், நடுவுல மங்கிடும்.

எங்களுது மணல் போட்ட ஃப்ளூயிடைஸ்டு பெட், அதாவது கீழ இருந்து ப்ளோயர் காத்து ஊதி மணல தண்ணி மாதிரி கொதிக்க விடுறது. காலி பைப்ல ஒரு காலிபரேஷன், மணல் நிறைச்சு ஒண்ணு, எல்லாம் முறைப்படிதான் பண்ணோம். ஆனா ரன் ஓட ஓட மணலோட அளவு கொறஞ்சுகிட்டே போகுது, மணல் எங்கயும் வெளிய போகல. நான் ப்ரோக்ராம்ல தப்புன்னு நெனச்சு படம் போடுற எளிய கணக்கு முறையான லீனியர் பேக் ப்ரொஜெக்ஷன தூக்கிட்டு, திரும்பத் திரும்ப திருத்திப் போடுற லேண்ட்வெபர் முறைய போட்டேன், படம் கூர்மையாச்சு, நம்பர் அப்படியே தப்பா நின்னுச்சு. ஒருநாள் ப்ளோயர ஆஃப் பண்ணி மணல் அடங்கினப்புறம் பாத்தா, 1 (0ன்னா காலி, 1ன்னா முழுசா மணல்) காட்ட வேண்டிய இடத்துல 0.8 காட்டுது. லேப்ல ரிக் (இந்த சோதனை செட்டப்) பாத்துக்குற அண்ணன் ஒண்ணும் பேசாம சாக்குல இருந்து ஒரு பிடி மணல் எடுத்து உள்ளங்கைல வெச்சு கவுத்தாரு, பாதி ஒட்டிகிட்டே இருந்துச்சு. பெட்ல இருந்து எடுத்தது பொலபொலன்னு கொட்டிடுச்சு. மணலோட பெர்மிட்டிவிட்டி (கெபாசிட்டன்ஸ எவ்ளோ ஏத்தும்ங்கற குணம்) 4 பக்கம், தண்ணிக்கு 80 பக்கம், நாங்க ஈர மணல வெச்சு காலிபரேட் பண்ணிட்டு ப்ளோயர் காத்துல காஞ்ச மணல அளந்திருக்கோம்!

சரி நல்லா காய வெச்சா போச்சுன்னு நெனச்சா அடுத்தது ஸ்டாட்டிக். காஞ்ச மணல் அக்ரிலிக் பைப்ல உரசி சார்ஜ் ஏறி சடக் சடக்னு சத்தம், டேட்டா பூரா முள்ளு முள்ளா ஸ்பைக். நாம தேடுறது ஃபெம்டோஃபாரட் அளவு, அதாவது ரொம்ப ரொம்ப சின்ன கெபாசிட்டன்ஸ் மாற்றம், கேபிள் அசைஞ்சாலே ரீடிங் மாறும், அதனால ஷீல்டு, எர்த்திங் ரெண்டும் ஒழுங்கா இருக்கணும்.

மணல் போற வேகத்த அளக்க ரெண்டு வரிசை எலக்ட்ரோடு வெச்சு க்ராஸ் கோரிலேஷன் பண்ணுவீங்க, அதாவது முதல் வரிசைல வந்த சிக்னல் ரெண்டாவதுல எவ்ளோ தாமதமா வருதுன்னு ஒப்பிடுவீங்க. வரிசைக்கு நடுவுல 10 செ.மீ., வேகம் வினாடிக்கு 5 மீட்டர்னா தாமதம் 0.02 வினாடி, வினாடிக்கு 100 ஃப்ரேம் எடுத்தா அது ரெண்டே ஃப்ரேம், அதுல ஒரு ஃப்ரேம் தப்பினா கணக்கே போச்சு. அதோட ஸ்லக்கா (மணல் பைப்ப அடைச்சுகிட்டு கட்டி கட்டியா) போற ஃப்ளோல கிடைக்கறது ஸ்லக்கோட வேகம், மணலோட வேகம்னு எடுத்துக்காதீங்க.

"அப்போ இது வேஸ்ட்டா"ன்னு சண்டைக்கு வராதீங்க, நான் அப்படி சொல்லல. கதிர்வீச்சு இல்லாம, ஃப்ளோவுக்குள்ள எதையும் நுழைக்காம ஒரு குமிழி எழும்பி போறத இவ்ளோ வேகமா காட்ட வேற என்ன இருக்கு. துகள் ரொம்ப கம்மியா பறக்குற லீன் ஃப்ளோல மட்டும் சிக்னல் நாய்ஸ்ல மூழ்கிடும், அங்க கஷ்டம்தான்.

கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லிடறேன்: அந்த வேலைய பேப்பரா போட்டப்போ எங்க குரூப்ல ரிக்க தொட்டே பாக்காதவங்க பேர்லாம் ஆத்தர் வரிசைல வந்துச்சு, அண்ணன் பேர் நன்றி பகுதியில கூட வரல. நான் கேட்டேன், டெக்னீஷியன் பேர் போடற வழக்கமில்லன்னாங்க. இன்னும் மனசு ஆறல.

நீங்க இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க, ரன் முடிஞ்சதும் பெட்ட அடங்க விட்டு ரீடிங் 1க்கு வருதான்னு பாருங்க. வரலன்னா, காலிபரேட் பண்ண மணல எந்த சாக்குல இருந்து எடுத்தீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.