சுற்றுச்சூழல் பொருளியல் படித்துப் பிழைக்க முடியுமா?

ஐயா, பொருளியல் இளங்கலை முடித்த உங்கள் மகள், வளரும் நாடுகளின் வணிகமும் சுற்றுச்சூழலும் பற்றி மேற்படிப்புக்குப் போகிறேன் என்கிறார். “மரம் நடுவதற்கு எதற்கு முதுகலைப் பட்டம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல்தான். ஆனால் அந்தப் படிப்பில் மரம் நடுவதைவிடக் கணக்குப் போடுவதே அதிகம். ஒரு நாடு செழிக்கும்போது அதன் காற்றும் ஆறும் என்ன ஆகின்றன, அதில் ஏற்றுமதியின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கிறார்கள்.

‘முதலில் வளர்ந்துவிடுவோம், அழுக்கைப் பிறகு கழுவிக்கொள்ளலாம்’ என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பலம் சேர்த்தது அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு. வருமானம் உயர உயர, கந்தக டை ஆக்சைடு போன்ற மாசு முதலில் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பின் இறங்குகிறது என்றார்கள். சட்டமும் மக்களின் நெருக்குதலும் இல்லாமல் அது தானாக இறங்கிவிடாது என்பதைத்தான் மேடைகளில் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கரியமில வாயுவோ ஏறி இறங்கும் அந்த வளைகோட்டுக்கு அவ்வளவு எளிதில் கட்டுப்படுவதும் இல்லை. சில நேரம் மாசு இடம் மட்டும் மாறுகிறது. பிளாஸ்டிக் கழிவை இனி வாங்கமாட்டோம் என்று 2018-இல் சீனா கதவை அடைத்ததும், கப்பல்கள் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் திரும்பின.

சரி, வேலைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கார்பன் எல்லை வரிக்கான அறிக்கைகளைக் கேட்கத் தொடங்கியது. 2026 முதல் அந்த ஏற்பாடு பணச்சுமையாகவே மாறியிருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றை அங்கே அனுப்பினால், அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர்; கணக்கைக் கொடுக்க வேண்டியது இங்குள்ள ஆலை. கொடுக்காவிட்டால் ஒன்றியமே ஓர் உத்தேச அளவை வைத்துவிடும். அது பெரும்பாலும் ஆலைக்குப் பாதகமாகவே அமையும்.

சிமெண்டை மட்டும் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டாலே கரியமில வாயு பிரியும். சிமெண்ட் உற்பத்தியின் உமிழ்வில் பாதிக்கு மேல் அந்த வேதிவினையில் வருவதுதான். கூரை முழுவதும் சூரியத் தகடு பதித்தாலும் அது குறையாது. அப்படிச் சுட்டுக் கிடைக்கும் கட்டியான கிளிங்கரைக் குறைத்து, நிலக்கரிச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்தால் குறையும். இதைப் புரிந்துகொண்டு, மாற்றுவதற்கு ஆகும் செலவையும் வரியையும் ஒப்பிட்டு, எது லாபம் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஏற்றுமதி நிறுவனங்கள், தணிக்கை நிறுவனங்கள், வங்கிகள், அரசின் வணிகத் துறைகள் எல்லாவற்றுக்கும் அப்படிப்பட்டவர்கள் தேவை. தொண்டு நிறுவன வேலைகளும் உண்டு. அவற்றை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறை அளவுக்கு இருக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டமே அமலுக்கு வராமல் தள்ளிப்போடப்பட்டது. அதனால் ஏதோ ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் குறுகிய காலப் படிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பொருளாதார அளவியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்வது), பன்னாட்டு வணிகக் கோட்பாடு, புள்ளியியல் மென்பொருள் பயிற்சி ஆகிய மூன்றும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுத் தந்தால் இன்னும் நல்லது. பிரேசிலில் சோயாவுக்காகக் காடு அழிக்கப்படுவதை அப்படித்தான் கண்காணிக்கிறார்கள். வெறும் கட்டுரையும் கருத்தரங்குமாக இரண்டு ஆண்டுகளை ஓட்டும் படிப்பென்றால், கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். கட்டணம் கட்டுவதற்கு முன், போன ஆண்டு அங்கே படித்து முடித்த நான்கைந்து பேரிடம் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று உங்கள் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.