செனட்டரை வீழ்த்த நவம்பர் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன், மனைவி குடியுரிமை வாங்கிவிட்டார். எங்கள் செனட்டரை எதிர்த்து அவர் கட்சிக்காரரே ஒருவர் நிற்கிறார். அவர் ஜெயிக்க நாங்கள் என்ன செய்யலாம்? எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் பணம் தரத் தயார்.

பதில்: பணத்துக்கு முன்னால் உங்கள் மனைவியின் வாக்காளர் பதிவைப் பாருங்கள். சொந்தக் கட்சிக்குள் போட்டி என்றால் அது நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முன்பே, பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், நடந்து முடிந்துவிடும். டெக்சஸில் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போய் ஓட்டுப் போடலாம். கனெக்டிகட்டில் அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே ஓட்டு. கட்சி மாற்றிப் பதியும் கெடு சில மாநிலங்களில் பல மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். விளம்பரம் பார்த்துச் சூடேறும்போது பதிவு மூடியிருக்கும்.

பிரைமரியில் ஜெயித்தாலே ஆட்டம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2006-இல் கனெக்டிகட்டில் இராக் போரை ஆதரித்த செனட்டர் ஜோ லீபர்மனை ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நெட் லமான்ட் தோற்கடித்தார், ஏறக்குறைய 52-க்கு 48. லீபர்மன் அசரவில்லை. மறுநாளே சுயேச்சையாகக் களமிறங்கி, குடியரசுக் கட்சியினரின் ஓட்டுகளையும் அள்ளி, நவம்பரில் அதே லமான்டைச் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் வென்றார். பெரும்பாலான மாநிலங்களில் தோற்றவர் இப்படித் திரும்பி வரச் சட்டம் விடாது. இண்டியானாவில் இன்னொரு விதம்: 2012-இல் செனட்டர் ரிச்சர்ட் லூகரைப் பிரைமரியில் வீழ்த்திய ரிச்சர்ட் மர்டாக், நவம்பரில் எதிர்க்கட்சியிடம் தொகுதியையே கோட்டைவிட்டார். உங்கள் ஆள் கட்சிக்கு வெளியே எடுபடுவாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம். கிரீன் கார்டுக்காரர் தாராளமாகத் தரலாம். 2025-26 காலகட்டத்துக்கு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. உங்களுக்கும் மனைவிக்கும் தனித்தனி வரம்பு. 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், வேலை, முதலாளி எல்லாம் பொதுப் பதிவில் வரும். ஆன்லைனில் கொடுக்கும்போது 'மாதாமாதம் பிடித்துக்கொள்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், இந்தப் பிரசாரக்காரர்கள் கில்லாடிகள்.

தம்பி ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. அவர் பணத்தை வாங்கி உங்கள் பெயரில் போடுவது இன்னும் பெரிய குற்றம். ஊரிலிருந்து அப்பா அனுப்பினாலும் அப்படித்தான். ஆனால் தம்பி சம்பளமில்லாமல் வீடு வீடாகக் கதவு தட்டி ஓட்டுக் கேட்கலாம், போன் போடலாம். பிரசாரத்தில் எதற்குச் செலவு செய்வது போன்ற முடிவுகளில் மட்டும் தலையிடக் கூடாது.

இன்னொன்று. நீங்களோ தம்பியோ லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் தவறுதலாகக்கூட 'குடிமகன்' என்று குறித்துவிடாதீர்கள். நாடு கடத்தல் வரை இழுத்துவிடும்.