பழைய பாய்மரப் படகில் கப்ளிங் மாற்றுவதற்கு முன்

கேள்வி: டர்பன் துறைமுகத்தில் நிற்கும் என் பாய்மரப் படகு 1970களில் இங்கிலாந்தில் கட்டியது. எஞ்சின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, புரொப்பெல்லர் மட்டும் சுற்றவில்லை. கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் கப்ளிங் பிய்ந்திருக்கிறது. சார்டின் மீன் வரத்து தொடங்குவதற்குள், படகைக் கரையேற்றாமல் நானே மாற்றிவிட முடியுமா?

பதில்: முடியும். முதலில் ஸ்டஃபிங் பாக்ஸுக்கு (ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) சற்று முன்னால், படகின் உட்புறமாக, ஷாஃப்டைச் சுற்றி ஒரு கிளாம்பை இறுக்கிவிடுங்கள். பிடி விட்ட ஷாஃப்ட் பின்னால் நழுவிச் சுக்கானில் முட்டும். முழுதாக வெளியேறினால் அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வரும்.

ஷாஃப்டில் இறுகிக் கிடக்கும் ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போடும் வட்டத் தகட்டைக் கழற்றச் சுத்தியலை எடுக்காதீர்கள். அடி கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் இறங்கும். பூட்டுத் திருகுகளை எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு ஷாஃப்டைவிடச் சிறிய விட்டமுள்ள ஒரு ஸ்பேனர் சாக்கெட்டை ஷாஃப்ட் முனைக்கும் கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சுக்கும் இடையில் வைத்து, நீளமான போல்ட்டுகளால் இரண்டு ஃபிளாஞ்சுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கப்ளிங் தானாகவே உருவிக்கொண்டு வரும்.

புதியதை வாங்கும்போது பலர் ஏமாறுவது அளவில்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயப் படகு என்றால் ஷாஃப்ட் பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 25 ஆக இருக்கலாம். அது ஏறாது; ஏற்றுவதற்காக ஷாஃப்டைத் தேய்க்கவும் கூடாது. டர்பனின் தொழிற்பேட்டைப் பகுதியான ஜேக்கப்ஸ் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் கப்ளிங்கின் துளையைக் கடைந்து வாங்குங்கள். ஷாஃப்டையும் கப்ளிங்கையும் சேர்த்துப் பூட்டும் உலோகத் துண்டான கீ பக்கவாட்டில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். தடிமன் பழையதைப் போலவே இருக்கட்டும். கூடினால் புரொப்பெல்லர் பின்னால் தள்ளிப்போகும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. நல்ல கப்ளிங் சும்மா பிய்வதில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் அமுங்கியிருக்கும், எண்ணெய் சொட்டி ரப்பர் ஊதியிருக்கும், அல்லது புரொப்பெல்லரில் எப்போதோ கயிறு சுற்றியிருக்கும். காரணத்தைத் தேடாமல் மாற்றினால் அடுத்த கப்ளிங்குக்கும் இதே கதிதான். ரப்பர் இருக்கிறதே, கோணலைத் தாங்காதா என்பார்கள், அதை நம்பாதீர்கள். ரப்பரை வைக்காமலே இரண்டு ஃபிளாஞ்சுகளையும் நெருக்கி, மேல், கீழ், இருபுறம் என நான்கு இடங்களில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 4 அங்குல ஃபிளாஞ்சில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மவுண்டிங் நட்டுகளைத் திருகிச் சரிசெய்யுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போதே இதைச் செய்வதுதான் முறை, கரையேற்றினால் உடற்பகுதி சற்றே வளைந்து கணக்கு மாறிவிடும். அந்த வகையில் உங்கள் சோம்பல் நல்லதுதான்!

போல்ட்டும் லாக் நட்டும் புதிதாகப் போடுங்கள். பூட்டுத் திருகுகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். படகைத் துறையில் கட்டியபடியே முன்னும் பின்னும் கியர் போட்டு ஓட்டிப் பார்த்து, போல்ட்டுகளை மறுபடி சோதித்த பிறகு மீன் தேடித் தெற்கே கிளம்புங்கள். இந்தக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுலாஸ் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று எழும்பினால், அந்தக் கரையில் தெற்கே உள்ள ஈஸ்ட் லண்டன் நகரம் வரை ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது.