விஞ்ஞானிகள் படித்த விதம்: கேள்வி பதில்

காரைக்குடியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

தேவகோட்டை, ஒரு தந்தை: ராமானுஜனே கல்லூரியில் தோற்றவர்தானே, பிள்ளையை ஏன் படி படி என்று விரட்டுகிறீர்கள் என வீட்டில் கேட்கிறார்கள்.

அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவதே வழக்கமாகிவிட்டது. துணிக்கடைக் குமாஸ்தாவின் மகனான ராமானுஜன், 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கான பரிசுடன் தேறிக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே மற்றப் பாடங்களைத் திரும்பியும் பாராததால் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய தேர்வான எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லாததால் வேலையும் கிடைக்கவில்லை. முகச்சவரம்கூடச் செய்யாமல், நைந்துபோன நோட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் வந்து நின்றதை, நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் மாதந்தோறும் பண உதவி செய்ததாலும், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை அமைந்ததாலும்தான் ராமானுஜனால் கணக்கைத் தொடர முடிந்தது. தோல்வியால் அவருக்கு நன்மை விளைந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் என்கிறான் பேரன். மெய்தானா?

இல்லை, ஆச்சி. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றுவிட்டவர் அவர். 1895இல், உரிய வயதுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே சூரிச் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வை எழுதியபோது, கணக்கிலும் இயற்பியலிலும் சிறப்பாகச் செய்து பொதுப் பாடங்களில்தான் தவறினார். ஆராவ் ஊர்ப் பள்ளியில் படித்து மறு ஆண்டு சேர்ந்துவிட்டார். பேரன் வேறு சாக்குத் தேடட்டும்.

புதுவயல், ஒரு தாய்: இரண்டு பெண்களையும் ஒரே சமயத்தில் வெளியூரில் படிக்கவைக்க எங்களால் இயலவில்லை.

மேரி கியூரி வீட்டிலும் இதே நிலைதான். வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காததால், அக்கா பிரோனியா பாரிசில் மருத்துவம் படிக்க, மேரி பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்பினார். பிறகு அக்காவின் துணையோடு 1891இல் தாமும் பாரிஸ் சென்று, 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

காரைக்குடி, பிளஸ் ஒன் மாணவி: கல்லூரிக்கே போகாத விஞ்ஞானி உண்டா, ஐயா?

மைக்கேல் ஃபாரடே இருக்கிறார், அம்மா. கொல்லர் மகனான அவர், 14 வயதில் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழாண்டுத் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, பழைய பாட்டில்களையும் மரத்துண்டுகளையும் கொண்டு மின்கருவி செய்து பார்த்தார். 1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டு டேவியின் ஆய்வகத்தில் உதவியாளரானார். அவர் 1830களில் வகுத்த மின்னாற்பகுப்பு விதிகள் (மின்சாரத்தால் பொருள்களைப் பிரிப்பது பற்றியவை) இல்லாமல் நம் ஊர் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு வேலையும் நடக்காது.

கானாடுகாத்தான், ஓர் இளைஞர்: சிக்ரி உருவானபோது சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) இயக்குநராக இருந்த பட்நாகர் எப்படிப் படித்தவர்?

1894இல் பஞ்சாபின் பேராவில் பிறந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர், எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்து, தாயின் பெற்றோர் வீட்டில், நம் பக்கத்தில் சொல்வதானால் ஆயா வீட்டில், வளர்ந்தார். தாத்தா பொறியாளர் என்பதால் கருவிகள் மீது சிறு வயதிலேயே நாட்டம் வந்தது. லாகூரில் படித்து, 1921இல் லண்டனில் டி.எஸ்சி. என்னும் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். நம் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, சிக்ரி 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது.